இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஏழு

என் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு மறுபடியும் நான் காப்பி போட்டுக் கொடுக்கிறேன் அல்லவா, அதைப் பார்த்து வந்த நினைப்பு. காப்பி வேறு, கோபம் வேறு. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் செய்த காரியம் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. எழுதினாலாவது இறங்குகிறதா பார்க்கலாம்.

எங்கள் பட்டறை போடி ஜீப் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஒரே வேலைதான், பட்டை. வண்டியின் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைந்திருக்குமே இரும்புப் பட்டைகள், அவைதான். விடிந்ததும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுக்குக் கிளம்பும். எத்தனை பேர் ஏறலாம் என்று இருக்கிறதோ அதைப் போல இரண்டு பங்கு ஏறுவார்கள், பின்னால் கம்பியில் தொங்குகிறவர்கள் தனி. அந்தப் பாரத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்கினால் பட்டை உடையாமல் என்ன செய்யும். உடைந்ததெல்லாம் எங்களிடம் வரும்.

வேலை முடிந்து வண்டி வெளியே போகும்போது ஒரு வழக்கம் உண்டு. சாண் பார்ப்பது என்பார்கள். ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்து பின் பம்பரில் ஏறி நின்று குதிப்பார்கள். பிறகு இறங்கி, டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விரித்து வைத்து, இரண்டு பக்கமும் அளந்து பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் வண்டி சரி. ஒரு பக்கம் இரண்டு விரல் குறைந்தாலும் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். மலைக்கு அது நியாயமான வழக்கம். பாரத்தோடு வளைவில் திரும்பும்போது இரண்டு விரல் சாய்வு வண்டியைப் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். இதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். என் கோபம் அந்த வழக்கத்தின் மேல் இல்லை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நாலு வருடம் பட்டை சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அம்மா படுத்த படுக்கையானபோது ஊர் திரும்பினேன், அம்மா போன பிறகு பட்டறையிலேயே தங்கிவிட்டேன். பத்து வருடமாகிறது. இந்தப் பத்து வருடத்தில் எத்தனை ஜீப்புகளுக்கு அடியில் படுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முழங்கை வரை கிரீஸோடு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினால், நிற்கிற ஆள் என்னைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "அப்பா இல்லையாம்மா?" என்பதுதான். என்ன கோளாறு என்று என்னிடம் சொல்ல மாட்டார்கள். அப்பா டீ குடிக்கப் போயிருந்தால், அவர் வரும்வரை நிற்பார்கள்.

போன வருடம் அப்பாவுக்கு முதுகெலும்பில் தேய்மானம் என்று சொல்லி, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி பரவிய வாரமே ஒருவர் வந்து, இந்த இடத்தில் பரோட்டாக் கடை போட்டால் பிய்த்துக்கொண்டு போகும், வாடகைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அப்பா யோசிக்க ஆரம்பித்தார். நான் நடத்துகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார், "நீ நடத்துவ ஆத்தா. ஜீப்புக்காரன் நம்பி வண்டிய விடணுமே."

நான் விடவில்லை. சாப்பிடும்போதும் கேட்டேன், டிவி பார்க்கும்போதும் கேட்டேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தம்பியின் பந்தயக் காரின் பின்பட்டை வேலையை நான் தனியாகச் செய்ய வேண்டும்.

"நான் அதுல கை வெக்க மாட்டேன். ஒழுங்கா ஓடுச்சுன்னா பட்டறைச் சாவி ஒனக்கு. இல்லன்னா பரோட்டாக் கடைக்கு," என்றார். கை வைக்க மாட்டேன் என்ற அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி ஏலக்காய் வாங்கி விற்கிறவன். அவனுக்கு டிராக் ரேஸ் பைத்தியம். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர் கோட்டில் நானூறு மீட்டர், யார் முன்னால் போகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள், அவ்வளவுதான். வளைவும் இல்லை, பிரேக்கும் இல்லை, பன்னிரண்டு பதினைந்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக அவன் ஒரு பழைய தொப்பைக் காரை, ஒரு காலத்தில் அதிகாரிகள் மட்டும் ஏறிய அந்த வெள்ளைக் காரைத்தான், வாங்கி அதில் பெரிய இன்ஜினைப் பொருத்தி வைத்திருந்தான். இரண்டு தடவை கொண்டுபோனான். இரண்டு தடவையும் கார் நின்ற இடத்திலேயே புகை விட்டுவிட்டு, ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு போனது. இன்ஜினில் வேகம் இருக்கிறது, அது தரைக்குப் போய்ச் சேரவில்லை. சேர்க்க வேண்டியது பின்னால் இருக்கிற பட்டை.

முதல் சண்டை, எதை வைப்பது என்பதில். தம்பி போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு சுருள் ஸ்பிரிங்கும் நாலு கம்பிகளும் வைக்கலாம் என்று குதித்தான். வைக்கலாம். ஆனால் அதற்குக் காரின் அடிச்சட்டத்தை வெட்ட வேண்டும், அளவு கொஞ்சம் தப்பினாலும் திரும்ப வெட்ட வேண்டும். பட்டை அப்படியில்லை. ஒன்றைக் கழற்றலாம், ஒன்றைச் சேர்க்கலாம், சாயங்காலம் மனம் மாறினால் காலையில் மாற்றலாம். அதோடு, எனக்குப் பட்டையைத் தெரியும்.

"நான் செய்யணுமா, இல்ல அந்த வீடியோக்காரன் வந்து செய்யணுமா?" என்று கேட்டேன். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ராசிங்காபுரம் பக்கம் யாரோ பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு பிளாட்கூட விற்காமல் கிடந்தது. சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கினோம். ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர அங்கே யாரும் வருவதில்லை. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் அந்த ரோட்டில்தான் கிடந்தோம். ரோட்டில் சுண்ணாம்புத் தண்ணீர் அடித்துவிட்டுக் காரை அதன் மேல் நிறுத்தி, தம்பியை ஒரே மிதியாக மிதிக்கச் சொல்வேன். கார் போன பிறகு குத்தவைத்து உட்கார்ந்து தடத்தைப் பார்ப்பேன். எந்த டயர் எவ்வளவு தூரம் வழுக்கியது, எங்கே பிடித்தது, எங்கே துள்ளியது என்பதெல்லாம் அந்தச் சுண்ணாம்பில் அப்படியே தெரியும்.

காரில் பக்கத்துக்கு எட்டுப் பட்டை இருந்தது. ஜீப்புக்கு வைக்கிற மாதிரி கெட்டியாக வைத்திருந்தான். மிதித்ததும் காரின் பாரம் பின்னால் சாய்ந்து டயரைத் தரையில் அழுத்த வேண்டும். கெட்டியான பட்டை சாய விடாது. பக்கத்துக்கு ஒன்றைக் கழற்றினேன். கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் துள்ளல் வந்தது. சக்கரம் சுற்றும் வேகத்தில் பின் அச்சு தானும் முறுக்கிக்கொண்டு பட்டையை வளைக்கிறது, பட்டை திரும்ப உதறுகிறது, அதுதான் துள்ளல். அதனால் பட்டையின் முன்பாதியை மட்டும் கிளாம்பு போட்டு இறுக்கினேன், பின்பாதியின் கிளாம்புகளைத் தளர்த்தி விட்டேன். முன்பாதி முறுக்கைத் தாங்கும், பின்பாதி நெளிந்து கொடுக்கும். அடியில் ரப்பர் முனை வைத்த ஒரு கம்பியையும் முட்டுக் கொடுத்தேன். சாக் அப்சார்பர் மட்டும் மூன்று ஜோடி மாற்றிப் பார்த்தேன். மலை ஜீப்புக்குப் போடுவது இதற்கு ஆகவே ஆகாது, டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. முன்பக்கத்துக்கு வேண்டுமென்றே தளர்ந்துபோன பழையதைப் போட்டேன், மூக்கு சட்டென்று தூக்கட்டும் என்று.

துள்ளல் நின்றது. ஆனால் சுண்ணாம்பில் வலது டயர் மட்டும் நீளமாக வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. பிறகுதான் பிடிபட்டது. இன்ஜினிலிருந்து பின்னால் வரும் தண்டு சுற்றும் வேகத்தில் பின் அச்சின் வலது முனையை மேலே தூக்குகிறது, இடது முனையைக் கீழே அழுத்துகிறது. பாரம் குறைந்த சக்கரம்தான் வழுக்கும். அப்படியென்றால் வலது பக்கத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் அதிக அழுத்தம் கொடுத்து வைக்க வேண்டும். இடது பக்கத்தில் இன்னும் ஒரு பட்டையைக் கழற்றினேன். இடது ஆறு, வலது ஏழு. நின்ற நிலையில் கார் இடது பக்கம் இரண்டு விரல் சாய்ந்திருந்தது. மிதித்ததும் சாய்வு சரியாகி இரண்டு டயரும் ஒரே அளவில் அழுத்தின. சுண்ணாம்பில் இரண்டு தடம், இரண்டும் ஒரே நீளம். அன்றைக்கு அந்த ரோட்டில் ஆடுகளுக்கு நடுவில் நின்று நான் சிரித்தேன். தம்பி காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நொண்டி மாதிரி நிக்கிது," என்றான்.

"நிக்கிறதுக்கா காரு? ஓடுறதப் பாரு," என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் கடைசியாக ஒரு தடவை முடுக்கினேன். முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன். நட்டு தானாகக் கழன்றாலோ யாராவது திருகினாலோ கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும், ஓசூரில் பெயின்ட் வைத்துச் செய்வோம். கழற்றிய இடது பட்டையைத் துடைத்து எண்ணெய் தடவிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள்தான், விடிந்தது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை நான் பட்டறைக்கு வந்தபோது கார் ஏற்கெனவே லோடு வண்டியில் ஏறியிருந்தது. நாலு மூலையிலும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஸ்டாண்டு ஆட்கள் முன்னால் மாலை போட்டு, லோடு வண்டியின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஒருவர், அப்பாவின் கூட்டாளி, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அவர் என்னைப் பார்த்து வழக்கத்துக்கு மேல் சிரித்தார். அப்பா காப்பி குடித்தாயா என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெளியூரில் ஒரு பழைய விமான ஓடுபாதையில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். லோடு வண்டியில் தம்பியும் நானும், பின்னால் ஒரு ஜீப்பில் அப்பாவும் அண்ணனும். போய் இறங்கியதும் காரைப் புல்தரையில் நிறுத்தினோம். தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் கார் சாய்ந்து நிற்கிறதா நேராக நிற்கிறதா என்று தெரியவில்லை. டயரில் காற்றுப் பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். பட்டையை மட்டும் எண்ணவில்லை. நானே என் கையால் எண்ணி மாட்டியதைத் திரும்ப யார் எண்ணுவார்கள். எண்ணாமல் விட்டது என் தப்பு, அதற்கு என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம் கொடுத்தார்கள், காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. காலை ஓட்டத்தில் பச்சை எரிந்தது, தம்பி மிதித்தான். மூக்கு தூக்கவே இல்லை. வலது டயர் நின்ற இடத்தில் சுற்றிக் கறுப்பாகப் புகைந்தது. பிறகு பின்பக்கம் முழுக்கத் தடதடவென்று துள்ள ஆரம்பித்தது, கார் பக்கத்துத் தடத்தை நோக்கி இழுத்தது. அந்தத் தடத்தில் இன்னொரு கார் போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம் வந்துவிட்டது. என் தம்பி அதற்குள் இருக்கிறான். அவன் காலை எடுத்துவிட்டதால் பிழைத்தான். நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓடுபாதையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு கிடந்தது, வலது டயருடையது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கார் திரும்பி வந்ததும் நேராக அடியில் படுத்தேன். முதலில் கண்ணில் பட்டது நகப்பாலிஷ். இடது பக்கம் எல்லா நட்டிலும் கோடு உடைந்திருந்தது. நான் தளர்த்தி விட்ட பின்பாதிக் கிளாம்புகள் இரண்டு பக்கமும் இறுகியிருந்தன, நட்டில் ஸ்பானர் பட்ட இடம் புதிதாகப் பளபளத்தது. இடது பட்டையை எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். ஏழு. ஏழாவது பட்டையில் நான் தடவிய எண்ணெய் இன்னும் அப்படியே இருந்தது.

வெளியே வந்து எழுந்து நின்றேன். அப்பா, அண்ணன், தம்பி மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். "யார் கை வெச்சது?" என்று கேட்டேன். திரும்பக் கேட்டேன். பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டேன்.

அப்பாதான் சொன்னார். "காலையில சாண் பாத்தோம் ஆத்தா. இடது பக்கம் ரெண்டு வெரல் கம்மியா இருந்துச்சு. எண்ணிப் பாத்தா ஒரு பட்டை கொறையுது, அது சொவத்துல சாஞ்சு கெடக்கு. அசதியில மறந்துட்டன்னு நெனச்சேன். கெளாம்பு வேற லூசாக் கெடந்துச்சு."

"என்னைய எழுப்பிக் கேக்க வேண்டியதுதான?"

"நீ சங்கடப்படுவியேன்னுதான்," என்றார்.

அண்ணன் சமாதானத்துக்கு வந்தார். "ஊரே பாத்து அனுப்பையில வண்டி நொண்டியா நின்னா ஒன் பேருதான தங்கச்சி கெடும்? அதான் வெரசா மாட்டி விட்டோம். ஒன் மேல உள்ள பிரியத்துலதான். தப்பா எடுத்துக்காத." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்காட்டச் சொல்ல வேணாம்னு அப்பா சொன்னாரு. நானும் நொண்டியா நிக்கிதேன்னு நெனச்சிட்டே இருந்தேன்," என்றான்.

திருட்டுத்தனமாக எனக்குக் குழி பறித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். குழி பறிக்கிறவன் என்னை ஒரு ஆளாகவாவது மதிக்கிறான். இவர்கள் என்னிடம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் சுண்ணாம்பில் உட்கார்ந்து கண்டுபிடித்ததைப் பார்த்து, பாவம், பிள்ளை ஒரு பட்டையை மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு ஆண் மெக்கானிக் இடது ஆறு வலது ஏழு என்று வைத்திருந்தால் ஏன் இப்படி என்று கேட்டிருப்பார்கள். நான் வைத்தால் மறதி. கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று கேட்காமல் மூடி மறைத்திருக்கிறார்கள். பிரியமாம். அந்தப் பிரியத்தில் என் தம்பி பக்கத்துக் காரோடு மோதிச் செத்திருப்பான். இதையெல்லாம் நான் அங்கேயே, அந்த மூன்று பேரின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இன்னும் சிலதும் சொன்னேன், அவை எழுதுகிற மாதிரி இல்லை.

அப்பாவிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். "நீங்க கை வெக்க மாட்டேன்னு சொன்னீங்க."

அவர் குனியக் கூடாத முதுகோடு குனிந்து ஸ்பானரை எடுக்கப் போனார். "வைங்க கீழ," என்றேன். வைத்துவிட்டார். பத்து வருடத்தில் நான் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அதற்காக இன்று வரைக்கும் எனக்கு வருத்தம் வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன், வர மாட்டேன் என்கிறது.

மதிய ஓட்டத்துக்கு நேரம் குறைவு. புல்தரையில் பலகை போட்டு ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினேன். பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட்டைக் கழற்றி, பட்டைக் கட்டைப் பிரித்து, அந்த ஏழாவதை உருவி வெளியே எறிந்தேன். அது அண்ணன் காலடியில் போய் விழுந்தது, வேண்டுமென்று எறியவில்லை என்று சொன்னால் பொய். திரும்ப அடுக்கி முடுக்கினேன், பின்பாதிக் கிளாம்புகளைத் தளர்த்தினேன். சாப்பிடவில்லை. பக்கத்துக் கூடாரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து, "ஏன் ஒரு பக்கம் கம்மியா வைக்கிறீங்க?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, தன் காரிலும் வலது டயர்தான் வழுக்குகிறது என்றார். அந்த ஆளுக்கு என்னை ஐந்து நிமிடமாகத்தான் தெரியும். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

மதிய ஓட்டத்தில் எதிரே நின்றது புதுக் கார், எங்களுடையதைவிடப் பெரிய இன்ஜின். அதுதான் ஜெயித்தது. ஆனால் பச்சை எரிந்ததும் எங்கள் தொப்பைக் கார் மூக்கைத் தூக்கியது, பின்னால் குந்தியது, துள்ளாமல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பாதித் தூரம் வரை அந்தப் புதுக் காரால் எங்களைத் தாண்ட முடியவில்லை. இதுவரை எங்கள் கார் ஓடியதிலேயே அதுதான் வேகம் என்று நேரம் அச்சடித்த சீட்டு காட்டியது. பந்தயம் முடிந்து தடத்தைத் திறந்துவிட்டதும் அப்பா தனியாக நடந்து போய்ப் புறப்படும் கோட்டில் நின்றார். எங்கள் கார் நின்ற இடத்தில் இரண்டு கறுப்புத் தடம், இரண்டும் குட்டையாக, ஒரே நீளமாகக் கிடந்தன. பழக்க தோஷத்தில் கையை விரித்து அதில் ஒன்றைச் சாண் போட்டு அளந்தார். பிறகு மற்றதை அளந்தார். திரும்பி வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் காரைப் பார்த்துவிட்டு யார் வேலை என்று கேட்டார். அப்பா, "நானும் மகளும் சேந்து செஞ்சோம்," என்றார். கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு நான் லோடு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். காப்பி போடுவதை நிறுத்தியது அன்றிலிருந்துதான். பதினெட்டு நாள் அவர் கடையில் போய்க் குடித்தார்.

சாவியை மறுநாள் காலையில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். என் கையில் தரவில்லை. பரோட்டாக் கடைக்காரரிடம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டதாகத் தம்பிதான் வந்து சொன்னான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை. கார் ஒழுங்காக ஓடியதற்காகச் சாவி கொடுத்தாரா, செய்த காரியத்தின் கூச்சத்தில் கொடுத்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பதினெட்டாவது நாள் பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து ஜீப் ஒன்று வந்தது. இடது பின்பட்டை உடைந்து, வண்டி ஒரு பக்கமாகக் குந்தியிருந்தது. அடுத்த நாள் காலை பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும் என்று டிரைவர் பறந்தார். நான் அடியில் படுத்துப் பழைய பட்டையை உருவிக்கொண்டிருந்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, புதுப் பட்டைகளை அளவு பார்த்து எனக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் வழக்கம்போல என் தலைக்கு மேலே அவரிடம், "அண்ணே, எத்தனை பட்டை போடுறீக?" என்று கேட்டார்.

அப்பா ஸ்டூலில் இருந்தபடியே, குனியக் கூடாத அந்த முதுகை வளைத்து, வண்டிக்கு அடியில் என் முகம் தெரிகிற மாதிரி எட்டிப் பார்த்தார்.

"இடது பக்கம் எத்தனை போட?" என்று என்னிடம் கேட்டார்.

ஒன்பது. இரண்டு பக்கமும் ஒன்பது. மலை ஜீப்புக்கு எப்போதும் அப்படித்தான், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அவர் அப்படித்தான் போடுகிறார். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டார். டிரைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கையில் பட்டையை வைத்துக்கொண்டு, அப்படியே வளைந்து காத்துக்கொண்டிருந்தார்.

நான் கையைத் துடைத்தேன். உடைந்த பட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். வலது பக்கம் போய் அங்கே இருந்த பட்டைகளை ஒருமுறை எண்ணினேன். பத்து வருடம் கழித்து வந்த கேள்வி, கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.